பிடரியையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் சலூன் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் காரமடைப் பக்கம். 1983-இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டதும், தாய்மாமன் கடையில் தண்ணீர் காய வைக்கும் வேலைக்கு மலையேறி வந்தேன். மாமா காலமாகி, கடை என் கைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இன்னும் தண்ணீர் காய வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஊர்க் குளிரில் பச்சைத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷை ஒருவர் கன்னத்தில் வைத்தால், மறுமாதம் அவர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் பேப்பர் காலை ஆறரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிடும். ஏழு மணிக்குள் அது தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். முழுப் பேப்பரையும் வரிசையாகப் படிக்கும் பாக்கியம் எனக்கு ராத்திரி ஷட்டர் இறக்கிய பிறகுதான். இன்று செவ்வாய்க்கிழமை, கடை லீவு. அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம். வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுகிறவன் அதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது.

ஞாயிறு இணைப்பில் கொஞ்ச நாளாக ஆண்களுக்கென்று ஒரு பக்கம் போடுகிறீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, தினம் பத்தாயிரம் அடி நடப்பது, தாடியை அடர்த்தியாக வளர்ப்பது, தாடை எடுப்பாகத் தெரிய என்ன செய்வது, புரதப் பொடி எப்போது குடிப்பது என்று வாரத்துக்கு ஒன்றாக வருகிறது. சண்டை போட வரவில்லை. முதல் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியவனே நான்தான். ஒட்டிய பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் பச்சைத் தண்ணீர். கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட ஒரு தம்பி, மார்கழி மாதத்தில் இதை ஆரம்பித்தான். மூன்று நாள் குளித்தான். நாலாம் நாள் கடைக்கு வந்தபோது சட்டைப் பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிப் பார்த்தால் விரல்கள் எல்லாம் சிவந்து, தடித்து, அரிப்பு தாங்காமல் சொறிந்து வைத்திருக்கிறான். அவனாவது சின்னப் பையன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவரும் அதைப் படித்துவிட்டு, தலையில் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். சில்லென்ற தண்ணீர் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், பிரஷர் விருட்டென்று ஏறும் என்று டாக்டர் அவரைத் திட்டி அனுப்பியிருக்கிறார். மே மாதத்துச் சென்னையில் குழாயைத் திறந்தால் வருகிற பச்சைத் தண்ணீர் எங்களுக்கு வெந்நீர். எழுதியவர் எந்த ஊரிலிருந்து எழுதினார் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஐந்து மணி நடை இன்னொரு கூத்து. டானிங்டன் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு பாறை இருந்ததாம். நேற்று இங்கே பாறை இல்லையே என்று யோசிக்கும்போதே பாறை மூச்சு விட்டிருக்கிறது. காட்டெருமை. அன்றைக்கு அவர் பத்தாயிரம் அடியையும் ஓட்டத்திலேயே முடித்திருப்பார். கரடியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கும், பேக்கரி வாசலில் நிற்கும். விடியலுக்கு முன் எழும் பழக்கத்தில் அதை எந்த ஆம்பிளையும் மிஞ்ச முடியாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு நடந்தாலும் அதே பலன்தான் என்று ஒரு வார்த்தை எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அந்தப் பத்தாயிரமே ஏதோ ஆராய்ச்சியில் வந்த கணக்கு இல்லையாம். கடைக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க, பத்தாயிரம் அடி மீட்டர் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர்தான் ஊரெல்லாம் சுற்றி வந்து அளவாகிவிட்டது என்று. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை, கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்பதுதான். எங்கள் ஊரில் மார்க்கெட்டுக்கு இறங்கி, காய்கறிப் பையோடு மேடேறினாலே மூச்சு வாங்கும். ஆனால் இப்போது யார் ஏறுகிறார்கள்? கால் கிலோ தக்காளிக்கும் ஸ்கூட்டர்.

இந்த ஐந்து மணி சமாச்சாரத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, அமைதியாக உட்கார்ந்து, அன்றைய நாளைத் திட்டமிட வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே கேட்டாள்: “அந்த வெந்நீரை யார் வெக்கறதாம்?” அவள் முப்பது வருஷமாக நாலே முக்காலுக்கு எழுகிறாள். சரி, அதை விடுங்கள்.

தாடி என் தொழில், அதனால் அதில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அடிக்கடி சிரைத்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது பொய். சிரைத்த முடியின் முனை மழுங்கியிருப்பதால் முளைக்கும்போது கரகரவென்று இருக்கும், அவ்வளவுதான். சிரைத்தால் அடர்த்தி ஆகுமென்றால், நாற்பது வருஷத்தில் நான் சிரைத்த கன்னங்களில் இந்நேரம் காடு மண்டியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தாடி வளர என்று மினாக்ஸிடில் மருந்துப் பாட்டிலை வாங்கி வந்து “அண்ணா, இத எப்படித் தடவறது?” என்று என்னிடம் கேட்கிறார்கள். அது முதலில் பிரஷருக்கு மாத்திரையாக வந்த மருந்து என்பதே அவர்களுக்குத் தெரியாது. டாக்டரிடம் கேள் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது.

புரதப் பொடியும் அப்படித்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பு ஏற்ற அந்தப் பொடியெல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது அவர்கள் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். அவரையும் பீன்ஸும் விளைகிற ஊரில், பருப்பு, சுண்டல், இரண்டு முட்டை என்று சாப்பிட்டால் பெரும்பாடு இல்லாமல் வந்துவிடும். முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறு நிமிடத்தில் முட்டை வேகும் என்று போட்டிருந்தீர்கள். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆறு நிமிடத்தில் எடுத்தால் மஞ்சள் கரு சட்டையில்தான் இருக்கும்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். நான் எழுத வந்தது வேறு.

உங்கள் ஆண்கள் பக்கம் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எழுதியது. முகம், தாடை, தாடி, மார்பு. நான் நிற்பது ஆளுக்குப் பின்னால். நாற்பது வருஷமாக நான் பார்ப்பது பிடரி. முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவோம் இல்லையா? பார்த்திருப்பீர்கள். அதை நிஜமாகப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பார்க்காமலே தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தப் பிடரியில் சிலருக்குக் கறுப்பாக ஒரு படை இருக்கும். வெறும் நிறம் அல்ல. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி, கொஞ்சம் தடிப்பாக, வரி வரியாக இருக்கும். கத்தியை இறக்கும்போது கைக்கே வித்தியாசம் தெரியும். அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். “கழுத்து மட்டும் கொஞ்சம் வெளுத்து விடுங்கண்ணா” என்பார்கள். பிளீச் போட்டிருக்கிறேன். கல் வைத்துத் தேய்த்திருக்கிறேன். காசும் வாங்கியிருக்கிறேன்.

எனக்கே அது இருந்தது. எலுமிச்சம்பழம், பயத்தமாவு, பீர்க்கங்காய் நார் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தேன். நாற்காலியில் இருந்தவர் டாக்டர். “அப்படியே இருங்க,” என்றார். போர்த்தியிருந்த துணியோடு எழுந்து வந்து, என் காலரை விரலால் இழுத்துப் பார்த்தார். பாதி தலை வெட்டியிருக்கிறது, பாதி அப்படியே நிற்கிறது. “இது அழுக்கில்லைங்க. நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுங்க,” என்றார்.

186 வந்தது. வெறும் வயிற்றில் 100-க்குள் இருக்க வேண்டும், 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அவர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னது இது: உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும்போது, கணையம் இன்னும் இன்னும் என்று சுரந்து தள்ளுகிறது. ரத்தத்தில் அப்படி மிஞ்சி நிற்கிற இன்சுலின், பிடரி, அக்குள் போன்ற மடிப்புகளில் தோலை வேகமாக வளர வைக்கிறது. தோல் தடித்துக் கறுக்கிறது. சர்க்கரை வருவதற்குப் பல வருஷம் முன்பே இது தெரிய ஆரம்பிக்கலாம். எல்லாக் கறுப்பும் இதுதான் என்று இல்லை, சங்கிலி உரசியும் கறுக்கும், வேறு காரணமும் இருக்கும். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. தேய்த்தால் மட்டும் போகாது, புண்தான் ஆகும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது உங்கள் பேப்பரிலேயே படித்தேன். அதில் எத்தனை பேர் ஏதாவது ஒரு சலூன் நாற்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்?

எங்கள் ஊர் ஆண்களுக்கு எதைக் குறைக்கச் சொல்வது என்று கேட்டால், நான் குளிர்பானத்தைச் சொல்ல மாட்டேன். டீயைச் சொல்வேன். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது துரோகம்தான். கடை திறந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, மழை பிடித்தால் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் எனக்குச் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 16 ஸ்பூன், சுமார் 64 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறார்கள். கூட வர்க்கி வேறு. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்குப் பெருமைதான், ஆனாலும் மைதாவும் கொழுப்பும் மைதாவும் கொழுப்பும்தானே. டீயில் சர்க்கரையை நிறுத்துவதில் ருசிகூடப் பெரிய கஷ்டம் இல்லை. டீக்கடைக்காரர் “சர்க்கரை இல்லாம ஒண்ணேய்!” என்று ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார் பாருங்கள், அதுதான் கஷ்டம். அந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து சர்க்கரையோடே குடிக்கிற ஆண்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு மாதம் அப்படிக் குடித்தேன்.

பக்கத்துக் கடை டெய்லர் இன்னொன்று சொன்னார். ஆண்களின் பேண்ட் அளவு இருபது வருஷமானாலும் மாறாதாம். 34 என்றால் கடைசி வரை 34. வயிறு வளர வளர பேண்ட் கீழே இறங்கிவிடும், அளவு அப்படியே இருக்கும், ஆளும் “நான் இன்னும் 34தான்” என்று நம்பிக்கொண்டிருப்பார். தொப்புளுக்கு நேரே டேப் பிடித்தால் 40 வரும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு. அந்த டேப்பை ஒரு நாள் கடன் வாங்கி வந்து என் வயிற்றைச் சுற்றிப் பார்த்தேன். எண்ணை எழுதப் போவதில்லை.

அப்புறம், எங்கள் ஊரில் கட்டிங் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்றுக்கு என் கடைக்கு வர வேண்டும். மற்றதற்கு டாஸ்மாக்குக்குப் போக வேண்டும். “குளிருக்குத்தாண்ணா ஒரு கட்டிங்” என்பார்கள். சாராயம் உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் ஓடி வந்து சூடு தெரியும், ஆனால் அந்தச் சூடு வெளியேதான் போகிறது. உள்ளுடம்பு இன்னும் குளிர்ந்துவிடும். இதை நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பேப்பரில் வந்தால் ஒருவேளை கேட்பார்கள்.

வேண்டுகோள் இதுதான். அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். நல்ல திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் பகலில் அவர்கள் வீட்டுக்கு வரும்போது ஆம்பிளை வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும் “எனக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்” என்று அனுப்பிவிடுகிறான். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு. அவர்கள் அங்கே பேசுவதும் வேறு எங்கேயும் பேசாத பேச்சு. நேருக்கு நேர் பார்த்தால் வாயைத் திறக்காதவர்கள், கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டு கடன், மகள் கல்யாணம், நெஞ்சில் வரும் படபடப்பு எல்லாம் சொல்வார்கள். நாற்காலியைத் திருப்பினால் பேச்சு நின்றுவிடும்.

அந்த டாக்டர் எனக்கு ஒரு சங்கதி சொன்னார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 52 சலூன்களில், பிரஷர் கட்டுக்குள் இல்லாத கறுப்பின ஆண்கள் 319 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்களாம். 2018-இல் வெளிவந்தது. ஒரு பாதி சலூன்களில் மருந்தாளுநரே மாதாமாதம் வந்து பிரஷர் பார்த்து, டாக்டரோடு பேசி மருந்தைச் சரிசெய்தார். மறுபாதியில் முடிதிருத்துபவர் “டாக்டரைப் போய்ப் பாருங்க” என்று சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் பாதிக்காரர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு ஒன்பது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, ஒரு செவிலியரும் ஒரு பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் போதும். பெஞ்சு என்னுடையது, வெந்நீரும் நான் தருகிறேன். சர்க்கரை இல்லாத டீயை, கத்தாமல் கொண்டுவரச் சொல்லி ஏற்பாடு செய்கிறேன். மாவட்ட நிர்வாகத்தில் யாராவது உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் ஆண்கள் பக்கத்திலும் ஒரே ஒரு வாரம் தாடையை விட்டுவிட்டு, பிடரியின் படத்தைப் போடுங்கள்.

கடைசியாக ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், முட்டைக்கோஸ் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிற பையன், 26 வயது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வந்து, கழுத்துக்கு பிளீச் போடச் சொன்னான். மாட்டேன் என்றேன். ரத்தம் பார்க்கச் சொன்னேன். “கல்யாணம் பேசற நேரத்துல சக்கரைன்னு சொல்றீங்களேண்ணா, வாயக் கழுவுங்க,” என்று பாதி வெட்டோடு எழுந்து போய்விட்டான். வேறு கடையில் போட்டுக்கொண்டிருக்கிறான். தோல் வெந்து, நிச்சயதார்த்தப் படத்தில் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு நின்றான். இரண்டு மாதம் என் கடைப் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்தபோது எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தான். துணி போர்த்திய பிறகு கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, “131” என்றான். இன்னும் எல்லை தாண்டிக் கொஞ்சம்தான், மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். லோடு இறக்கும்போது வண்டியிலேயே உட்காராமல் தானும் மூட்டை தூக்குகிறானாம். டீயில் சர்க்கரையை விட்டுவிட்டானாம். பொண்ணு வீட்டில் அவனே சொல்லிவிட்டான். கல்யாணம் நிற்கவில்லை, தை மாதம் நடந்தது.

போன ஞாயிறு முடி வெட்டி முடித்து, வழக்கம்போல் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தேன். தலையாட்டுவான் என்று எடுக்கப் போனேன்.

“இருங்கண்ணா, இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க,” என்றான்.

இறக்கினேன். பெஞ்சில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அவன் நிதானமாகப் பார்த்தான்.

இப்படிக்கு,
ஒரு முடிதிருத்துநர், கோத்தகிரி.

(பெயர் போட வேண்டாம். போட்டால் அந்தப் பெரியவரும், டார்ச் கட்டியவரும், பிக்கப் பையனும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் மூன்று பேரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.)